அப்ரூவர் சொன்னது உண்மை. ஆனால் அது போதுமா?

தாதர் ஸ்டேஷனில் இறங்கி சிவாஜி பார்க் பக்கம் தினமும் நடந்து போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ! இந்தியாவின் மிகப் பெரிய கொலை வழக்கில், ஒரு மனிதர் தூக்குமேடைக்குப் போவதா, வீட்டுக்குப் போவதா என்ற கேள்வி, அந்த மைதானத்துக்கு அருகே உள்ள ஒரு வீட்டில் பேசப்பட்ட இரண்டு மூன்று வார்த்தைகளில் தொங்கிக்கொண்டிருந்தது.

1948-ம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதி. பம்பாய் நகரில் ஒரு டாக்சி சுற்றிக்கொண்டிருந்தது. அதில் நாதுராம் கோட்சே, நாராயண் ஆப்தே, புனாவைச் சேர்ந்த ஆயுத வியாபாரி திகம்பர் பட்கே, பட்கேயின் வேலையாள் சங்கர் கிஸ்தய்யா ஆகிய நால்வரும் இருந்தார்கள். டாக்சி சிவாஜி பார்க் வந்தது. சங்கரை வெளியே நிறுத்திவிட்டு மற்ற மூவரும் "சாவர்க்கர் ஸதன்" என்ற வீட்டுக்குள் போனார்கள். பட்கேயைக் கீழே இருக்கச் சொல்லிவிட்டு, கோட்சேயும் ஆப்தேயும் மாடிக்குப் போனார்கள். ஐந்து பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே வீர சாவர்க்கர் இறங்கி வந்தார். "யசஸ்வீ ஹோவூன் யா" என்று மராத்தியில் சொன்னார். வெற்றியோடு திரும்பி வாருங்கள் என்று பொருள்.

பதின்மூன்று நாள் கழித்து, டில்லி பிர்லா மாளிகையில் பிரார்த்தனைக்கு நடந்து வந்த காந்திஜியை கோட்சே சுட்டுக் கொன்றான்.

மேலே சொன்ன காட்சியைக் கோர்ட்டில் சொன்னவன் ஒரே ஒருவன். அவன் பட்கே. அவனும் சதியில் பங்கு கொண்டவன். வெடிகுண்டு விற்றவன். ஜனவரி 20-ந் தேதி காந்திஜியைக் கொல்லப் போன கூட்டத்தில், கையில் ஆயுதத்தோடு நின்றவன். இப்படிப்பட்டவன் வார்த்தையை எந்த அளவுக்கு நம்புவது?

கோட்சேக்கு அப்ரூவர் தேவையில்லை

இந்த வழக்கில் ஒரு விசித்திரம் உண்டு. கொன்றது யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. நூற்றுக்கணக்கானவர்கள் கண் முன்னால், பகலில், கையும் துப்பாக்கியுமாகப் பிடிபட்டான் கோட்சே. கோர்ட்டிலும் அவன் மறுக்கவில்லை. "நான்தான் சுட்டேன். ஆனால் சதி எதுவும் இல்லை. வேறு யாருக்கும் இதில் பங்கு கிடையாது" என்பதே அவன் கட்சி.

ஆகவே செங்கோட்டையில் நடந்த அந்த நீண்ட விசாரணை முழுவதும், "கோட்சேயோடு வேறு யார்?" என்ற ஒரே கேள்வியைப் பற்றியது. சதி என்பது நாலு சுவருக்குள் நடப்பது. அதைப் பார்த்தவன் என்று ஒருவன் இருந்தால், அவனும் உள்ளே இருந்தவனாகத்தான் இருப்பான். அதனால்தான் அரசாங்கத் தரப்புக்கு பட்கே தேவைப்பட்டான்.

கொலை நடந்த மறுநாள், ஜனவரி 31-ந் தேதி, புனாவில் பட்கே பிடிபட்டான். அங்கே "சஸ்திர பண்டார்" என்ற பெயரில் கத்தி, கட்டாரி விற்கும் கடை வைத்திருந்தவன் அவன். கடையில் வைத்து விற்க முடியாத சரக்கும் அவனிடம் கிடைக்கும். காந்திஜியைக் கொல்ல முதலில் போட்ட திட்டத்துக்கு வேண்டிய இரண்டு வெடிமருந்துக் கட்டிகளும் ஐந்து கைக்குண்டுகளும் அவன் கொடுத்த சரக்குதான். ஜூன் 21-ந் தேதி அவனுக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. எதிரிக் கூண்டில் நிற்க வேண்டியவன் சாட்சிக் கூண்டில் ஏறினான்.

மன்னிப்பு என்றால் சும்மா விட்டுவிடுவது அல்ல. அது ஒரு பேரம். "எனக்குத் தெரிந்ததை எல்லாம், என் பங்கு உட்பட, ஒளிக்காமல் சொல்கிறேன்" என்று அவன் ஒப்புக்கொள்ள வேண்டும். "சொன்னால் உன்மேல் வழக்கு இல்லை" என்று சர்க்கார் ஒப்புக்கொள்ளும். எதையாவது மறைத்தாலோ, பொய் சொன்னாலோ மன்னிப்பு போய்விடும். பழையபடி அவனும் எதிரிதான். இந்த ஏற்பாடு நாட்டில் நெடுங்காலமாக இருந்து வருகிறது.

குடோன் வாட்ச்மேன் கதை

கூட்டாளியின் சாட்சியத்தை ஏன் சந்தேகிக்க வேண்டும்? "அவன் கெட்டவன், அதனால் பொய் சொல்வான்" என்பதுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள கோர்ட்டுக்குப் போக வேண்டாம். ஒரு மில் குடோன் போதும்.

குடோனில் பத்து பேல் துணி காணோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு வாட்ச்மேன் மாட்டிக்கொள்கிறான். விசாரித்ததும் ஒப்புக்கொள்கிறான். எந்தப் பூட்டு, எந்தச் சாவி, எந்த லாரி, எத்தனை மணி, சரக்கு எந்தக் கடையில் இறங்கியது, எவ்வளவு பணம் கைமாறியது எல்லாவற்றையும் சொல்கிறான். போய்ப் பார்த்தால் ஒவ்வொன்றும் சரியாக இருக்கிறது. கடைசியில், "சாவி கொடுத்தது ஸ்டோர் கிளார்க்" என்கிறான்.

கிளார்க்குக்கும் வாட்ச்மேனுக்கும் போன தீபாவளி போனஸ் சமயத்தில் சண்டை. அல்லது சாவி கொடுத்தது வாட்ச்மேனுடைய மச்சானாகவே இருக்கலாம். வாட்ச்மேன் திருட்டில் இருந்தவன். ஆகையால் திருட்டைப் பற்றி அவன் சொல்வதெல்லாம் உண்மையாகத்தான் இருக்கும். அந்த உண்மைகளுக்கு நடுவே ஒரு பெயரை மட்டும் மாற்றிச் செருகிவிட்டால்? பூட்டும் லாரியும் கடையும் சாட்சி சொல்லும். அந்தப் பெயருக்கு எது சாட்சி?

இந்த இடத்தில்தான் சட்டம் விழித்துக்கொள்கிறது. 1872-ம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் இதற்கு இரண்டு விதிகள் இருந்தன. கூட்டாளியும் தகுதியுள்ள சாட்சிதான், அவன் சொல்லை மட்டும் வைத்துத் தண்டித்தால் அது சட்ட விரோதம் ஆகாது என்றது 133-வது பிரிவு. முக்கியமான விஷயங்களில் வேறு ஆதாரம் இல்லாவிட்டால் கூட்டாளி நம்பத்தகாதவன் என்று கோர்ட்டு கருதலாம் என்றது 114-வது பிரிவின் உதாரணம் ஒன்று. ஒரு கை திறந்துவிடுகிறது, மறு கை பிடித்து இழுக்கிறது! இரண்டையும் சேர்த்துப் படித்துத்தான் கோர்ட்டுகள் ஒரு வழக்கத்தை உண்டாக்கின. சட்டப்படி தண்டிக்கலாம், ஆனால் விவேகமுள்ள ஜட்ஜ் வேறு ஆதாரம் இல்லாமல் தண்டிக்க மாட்டார். 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமம் 138-வது பிரிவில் அந்த வழக்கத்தையே வாசகமாக ஆக்கிவிட்டது. வேறு ஆதாரத்தால் உறுதிப்பட்ட கூட்டாளி சாட்சியத்தின் பேரில் தண்டித்தால் சட்ட விரோதம் ஆகாது என்று இப்போது எழுதப்பட்டிருக்கிறது.

செங்கோட்டை வழக்கின் காலத்தில் பழைய சட்டம்தான். ஆகவே முடிவு ஜட்ஜின் விவேகத்தில் இருந்தது.

கூண்டில் பட்கே

ஸ்பெஷல் ஜட்ஜ் ஆத்ம சரண், ஐ.சி.எஸ். அதிகாரி. ஜூரிகள் கிடையாது, உண்மையைத் தீர்மானிப்பதும் தண்டனையைத் தீர்மானிப்பதும் அவர் ஒருவர்தான். அரசாங்கத் தரப்பில் பம்பாய் அட்வகேட் ஜெனரல் தப்தரி. மொத்தம் 149 சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர். அவர்களில் பட்கேயின் முறை ஜூலை மாதப் பிற்பகுதியில் வந்தது. நாள் கணக்கில் அவன் கூண்டில் நின்றான்.

எதிரிகளின் வக்கீல்கள் அவனைச் சும்மா விடவில்லை. பிடிபட்டதிலிருந்து மன்னிப்பு கிடைக்கும் வரை ஏறக்குறைய ஐந்து மாதம் அவன் போலீஸ் பிடியில் இருந்தவன். அவர்கள் சொல்லிக் கொடுத்ததை ஒப்பிக்கிறான் என்பது அவர்கள் வாதம். தன் கழுத்தைக் காப்பாற்றிக்கொள்ள எதையும் சொல்வான் என்றார்கள். சட்டப் புத்தகங்களில் கூட்டாளியைப் பற்றிச் சொல்லப்பட்ட கடுமையான வார்த்தைகள் எல்லாம் அங்கே படிக்கப்பட்டன.

இருந்தும் ஜட்ஜ் பட்கேயை நம்பினார். அவன் நேராகப் பதில் சொன்னான். கேள்விகளிலிருந்து நழுவப் பார்க்கவில்லை. நடக்காத சங்கதிகளை இத்தனை விவரமாக, இவ்வளவு நாள், தடுமாறாமல் ஒருவன் சொல்வது இயலாது என்று தீர்ப்பில் எழுதினார். ஒரு கூட்டாளிக்கு இதைவிட நல்ல நற்சாட்சிப் பத்திரம் கிடைப்பது அரிது.

ஆனால் நற்சாட்சிப் பத்திரம் கொடுத்ததோடு அவர் நிற்கவில்லை. பட்கே சொன்ன ஒவ்வொரு சங்கதிக்கும் வெளியிலிருந்து ஆதாரம் இருக்கிறதா என்று பார்த்தார். அது வேண்டிய அளவு இருந்தது. அந்தப் பட்டியல் பெரிய விஷயங்களால் ஆனதல்ல. ஓட்டல் ரிஜிஸ்தர், டிக்கெட், சலவைக் கணக்கு போன்ற சில்லறைச் சங்கதிகள்தான் பலரைக் காட்டிக் கொடுத்தன.

லீவு விண்ணப்பமும் சலவைக் குறியும்

வெடிகுண்டுப் பையை புலேஷ்வரில் ஒரு மடாதிபதியின் வீட்டில் வைத்ததாகவும், கோட்சேயும் ஆப்தேயும் அங்கே வந்து துப்பாக்கி கேட்டதாகவும் பட்கே சொன்னான். அந்த வீட்டாரே வந்து சாட்சி சொன்னார்கள். அவர்கள் சதியில் சேராதவர்கள்.

டில்லியில் கோட்சேயும் ஆப்தேயும் மெரினா ஓட்டலில் தங்கினார்கள் என்றான். ஓட்டல் புத்தகத்தில் அந்தப் பெயர்கள் இல்லை, எஸ்.தேஷ்பாண்டே, எம்.தேஷ்பாண்டே என்று இருவர் 17-ந் தேதி முதல் 20-ந் தேதி வரை இருந்திருக்கிறார்கள். பொய்ப் பெயர் எழுதத் தெரிந்தவர்களுக்குச் சலவைக்குப் போட்ட துணி ஞாபகத்தில் இல்லை. அந்த அறையிலிருந்து வெளுக்கப் போன துணியில் "என்.வி.ஜி." என்ற குறி இருந்தது. நாதுராம் விநாயக் கோட்சே! பம்பாயிலிருந்து டில்லிக்கு விமானத்தில் போனபோதும் கர்மார்கர், மராத்தே என்ற பொய்ப் பெயர்களே. விமானக் கம்பெனியின் காகிதங்கள் அதைச் சொல்லின.

கோட்சேயின் தம்பி கோபால், கிர்க்கியில் ராணுவ மோட்டார் டிப்போவில் வேலை பார்த்தவன். ஜனவரி 15-ந் தேதியிலிருந்து ஏழு நாள் லீவு கேட்டான். கிடைக்கவில்லை. மறுபடி எழுதிக் கேட்டான். 17-ந் தேதியிலிருந்து 23-ந் தேதி வரை கிடைத்தது. ஜனவரி 20-ந் தேதி அவன் டில்லியில் இருந்தான் என்று பட்கே சொன்னதற்கு ஆபீசில் பைல் செய்யப்பட்ட அந்த லீவு விண்ணப்பம் துணை நின்றது. எந்த மானேஜரும் கொலை வழக்குக்கு உதவும் என்று நினைத்து லீவு விண்ணப்பத்தைப் பத்திரப்படுத்துவதில்லை. சாட்சியாக அதற்கு மதிப்பு வருவதும் அதனால்தான்.

கோட்சே தன் இன்ஷூரன்ஸ் பாலிசிகளை ஜனவரி 13, 14 தேதிகளில் ஆப்தேயின் மனைவிக்கும் தம்பி மனைவிக்கும் எழுதி வைத்ததும் வெளிவந்தது.

ஜனவரி 20-ந் தேதி மாலை பிர்லா மாளிகையின் பின்பக்கச் சுவரில் மதன்லால் பஹ்வா என்ற அகதி வாலிபன் வெடி வைத்தான். அந்தச் சத்தத்தில் கூட்டம் கலையும்போது, காந்திஜி அமர்ந்திருக்கும் இடத்துக்குப் பின்னால் உள்ள வேலைக்காரர் அறையிலிருந்து பட்கே குண்டு வீச வேண்டும் என்பது திட்டம். அறை வாசலில் ஆட்கள் உட்கார்ந்திருப்பதைக் கண்டு அவன் உள்ளே போக மறுத்துவிட்டான். வெடி வெடித்தது; வேறு ஒன்றும் நடக்கவில்லை. மதன்லால் அகப்பட, மற்றவர்கள் தப்பினார்கள். அவர்களை அங்கே கொண்டுவிட்ட டாக்சி டிரைவர் சாட்சி சொன்னார். மீதிக் குண்டுகளை டில்லி இந்து மகாசபா கட்டிடத்துக்குப் பின்னால் இருந்த புதர்க்காட்டிலிருந்து போலீசார் தோண்டி எடுத்தார்கள்.

இன்னொரு சாட்சி மாதுங்காக்காரர். அங்குள்ள ரூயா கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஜகதீஷ் சந்திர ஜெயின், தன் புத்தகங்களை விற்றுப் பிழைக்க மதன்லாலுக்கு உதவி செய்தவர். காந்திஜியைக் கொல்லச் சதி நடக்கிறது என்று மதன்லால் அவரிடம் முன்கூட்டியே உளறியிருக்கிறான். வீண் பேச்சு என்று அவர் நினைத்தார். ஜனவரி 20 வெடிச் செய்தியைப் பத்திரிகையில் பார்த்ததும் மறுநாளே பம்பாய் உள்துறை மந்திரி மொரார்ஜி தேசாயிடம் ஓடினார். அதற்குப் பிறகும் ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளில் போலீசார் என்ன செய்தார்கள் என்பது தனியாக எழுத வேண்டிய சோகக் கதை. கோர்ட்டைப் பொறுத்தவரை ஜெயினின் சாட்சியம் முக்கியமானது. பட்கே வாய் திறப்பதற்கு முன்பே, அவனுக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் காதில் சதியின் செய்தி விழுந்திருக்கிறது.

இந்தச் சில்லறைகள் எல்லாம் ஒவ்வொரு எதிரியோடும் தனித்தனியே ஒட்டின என்பதைக் கவனிக்க வேண்டும். ஓட்டல் புத்தகம் ஆப்தேயைத் தொட்டது. லீவு விண்ணப்பம் கோபாலைத் தொட்டது. பேராசிரியர் மதன்லாலைத் தொட்டார். சதி நடந்தது என்று பொதுவாக நிரூபித்தால் போதாது. இன்ன மனிதன் அதில் இருந்தான் என்று காட்ட, அப்ரூவரின் வாய்க்கு வெளியே ஓர் ஆதாரம் வேண்டும்.

வாசல் வரைக்கும்தான்

இப்போது சிவாஜி பார்க் வீட்டுக்கு வருவோம்.

சாவர்க்கர் விஷயத்தில் அரசாங்கத் தரப்பு இரண்டு வெளிச் சாட்சிகளை நிறுத்தியது. ஒருவர் மராத்தி நடிகை. ஜனவரி 14-ந் தேதி புனா எக்ஸ்பிரசில் கோட்சேயும் ஆப்தேயும் அவர் இருந்த பெட்டியில் பிரயாணம் செய்தார்கள். தாதரில் அவரை அழைத்துப் போக வந்த வண்டியில் அவர்களும் ஏறி, சாவர்க்கர் வீட்டருகே இறங்கிக்கொண்டார்கள். இன்னொருவர் 17-ந் தேதி நால்வரையும் ஏற்றிச் சென்ற டாக்சி டிரைவர். அவர்கள் சிவாஜி பார்க்கில் இறங்கினார்கள் என்று அவர் சொன்னார்.

இரண்டு பேரும் வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டார்கள். அதற்கு மேல்? அந்த வீட்டில் சாவர்க்கர் ஒருவர் மட்டும் குடியிருக்கவில்லை. மாடியில் என்ன பேச்சு நடந்தது என்று பட்கேக்கே தெரியாது. அவன் கீழே இருந்தவன். "வெற்றியோடு வாருங்கள்" என்ற வார்த்தை எந்தக் காரியத்தைக் குறித்தது என்பதும் தெரியாது. அரசியல் இயக்கத்தில் இருப்பவர்கள் தலைவரைப் பார்த்துவிட்டுப் புறப்படும்போது இப்படி ஒரு ஆசி கிடைப்பது அதிசயம் இல்லை. காந்திஜியின் நூறு வயது தீர்ந்துவிட்டதாகச் சாவர்க்கர் சொன்னார் என்று டாக்சியில் ஆப்தே சொன்னதாக பட்கே சொன்னான். இது இவன் சொன்னதாக அவன் சொன்னது. ஆப்தே அதை மறுத்தான்.

1949 பிப்ரவரி 10-ந் தேதி தீர்ப்பு. கோட்சேக்கும் ஆப்தேக்கும் தூக்கு. விஷ்ணு கர்க்கரே, மதன்லால், கோபால் கோட்சே, சங்கர், குவாலியரைச் சேர்ந்த டாக்டர் பர்ச்சுரே ஆகிய ஐந்து பேருக்கும் ஆயுள் தண்டனை. சாவர்க்கர் விடுதலை. அவர் மீதான வழக்கு அப்ரூவரின் சாட்சியத்தை, அதை மட்டுமே நம்பி நிற்கிறது. அதன் பேரில் அவருக்கு எதிராக ஒரு முடிவுக்கு வருவது அபாயம் என்று ஜட்ஜ் எழுதினார்.

பட்கே பொய் சொன்னான் என்று அவர் சொல்லவில்லை. இது பலருக்கு அன்றும் புரியவில்லை, இன்றும் புரிவதில்லை. அதே மனிதன், அதே கூண்டு, அதே நாக்கு. ஆப்தே விஷயத்தில் அவன் சொல் உயிரை எடுத்தது. சாவர்க்கர் விஷயத்தில் ஒரு நாள் சிறைத் தண்டனைக்குக் கூடப் போதவில்லை. சொன்னவன் மாறவில்லை, முட்டுக் கொடுக்க வந்த ஆதாரம்தான் ஒரு பக்கம் இருந்தது, மறு பக்கம் இல்லை.

எஜமானன் வெளியே, வேலையாள் உள்ளே

பெரிய பெயர்களுக்கு நடுவே அடிபட்டுப் போகிற ஒரு பெயர் சங்கர் கிஸ்தய்யா. பட்கேயிடம் வேலைக்கு இருந்தவன். எஜமானன் தூக்கச் சொன்ன பையைத் தூக்கினான். ஏறச் சொன்ன ரயிலில் ஏறினான். புதைக்கச் சொன்னதைப் புதைத்தான். வெடிகுண்டு விற்றுக் காசு பார்த்த எஜமானன் மன்னிப்பு பெற்று, கேஸ் முடிந்ததும் வெளியே போகிறான். பை தூக்கியவனுக்கு ஆயுள் தண்டனை!

இந்த ஏற்பாட்டில் உள்ள அசிங்கம் இதுதான். சர்க்காருக்கு யார் அதிகம் சொல்ல முடியுமோ அவனுக்குத்தான் மன்னிப்பு. அதிகம் சொல்ல முடிந்தவன் பெரும்பாலும் அதிகம் செய்தவனாகவே இருப்பான். சின்ன ஆளிடம் விற்பதற்குச் சரக்கு இல்லை. ஆத்ம சரணுக்கே இது உறுத்தியிருக்க வேண்டும். சங்கரின் தண்டனையை ஏழு ஆண்டாகக் குறைக்கலாம் என்று அவரே சிபாரிசு செய்தார்.

அப்பீல் கிழக்கு பஞ்சாப் ஹைகோர்ட்டுக்குப் போனது. பண்டாரி, அச்ரு ராம், கோஸ்லா என்ற மூன்று ஜட்ஜுகள் சிம்லாவில் விசாரித்தார்கள். 1949 ஜூனில் தீர்ப்பு வந்தது. சங்கரும் டாக்டர் பர்ச்சுரேயும் விடுதலை ஆனார்கள். மற்றவர்கள் தண்டனை உறுதியாயிற்று. நவம்பர் 15-ந் தேதி அம்பாலா சிறையில் கோட்சேயும் ஆப்தேயும் தூக்கிலிடப்பட்டனர்.

அதே 1949-ல், லண்டன் பிரிவி கவுன்சிலில் ஒரிசாவிலிருந்து சென்ற ஒரு கொலை வழக்கு முடிவாயிற்று. அதிலும் அப்ரூவர் உண்டு. அவனோடு, பிறகு வாபஸ் வாங்கப்பட்ட இன்னொரு எதிரியின் வாக்குமூலமும் இருந்தது. கறைபட்ட இரண்டு சாட்சியங்களைச் சேர்த்துக் கட்டினால் ஒரு சுத்தமான சாட்சியம் ஆகிவிடாது என்ற நிலையை எடுத்து, தண்டிக்கப்பட்டவரைப் பிரிவி கவுன்சில் விடுவித்தது. குற்றம் நடந்த விதத்தைக் கூட்டாளி சரியாகச் சொல்வான், ஆனால் குற்றவாளிகளோடு ஒரு நிரபராதியையும் சேர்த்துவிடுவான் என்ற ஆபத்தை அந்தத் தீர்ப்பு விளக்கியது. குடோன் வாட்ச்மேன் கதைதான்!

பிறகு சுப்ரீம் கோர்ட்டு இதை இன்னும் தெளிவாக்கியது. 1951-ல் ஒரு ராஜஸ்தான் வழக்கில் ஜட்ஜ் விவியன் போஸ் எழுதினார்: ஒவ்வொரு சங்கதிக்கும் தனி ஆதாரம் வேண்டியதில்லை, அப்படி எல்லாவற்றுக்கும் இருந்தால் அப்ரூவரே எதற்கு? ஆனால் எதிரியைக் குற்றத்தோடு இணைக்கும் ஆதாரம் வேண்டும். அது இன்னொரு கூட்டாளியிடமிருந்து வரக் கூடாது. 1957-ல் ஒரு பஞ்சாப் கொலை வழக்கில் ஜட்ஜ் கஜேந்திரகட்கர் இரண்டு படிகளை வைத்தார். முதலில் அப்ரூவர் நம்பத் தகுந்தவனா என்று பார். அதில் தோற்றால் அங்கேயே முடிந்தது. ஜெயித்தால் மட்டும் வெளி ஆதாரத்துக்குப் போ. அந்த வழக்கின் அப்ரூவர் முதல் படியிலேயே தோற்றான். செங்கோட்டையில் பட்கே முதல் படியைத் தாண்டியவன். சாவர்க்கர் விஷயத்தில் மட்டும் அரசாங்கத் தரப்பு இரண்டாவது படியில் கால் வைக்க முடியவில்லை.

பைலில் தூங்கிய இரண்டு வாக்குமூலங்கள்

1964-ல் தண்டனை முடிந்து வெளியே வந்த கோபால் கோட்சேக்குப் புனாவில் வரவேற்பு நடந்தது. காந்திஜியைக் கொல்லும் எண்ணம் கோட்சேக்கு இருந்தது தனக்கு முன்கூட்டியே தெரியும் என்று அங்கே ஒருவர் பேச, பார்லிமெண்டு வரை அமளி. சர்க்கார் ஒரு விசாரணைக் கமிஷனை வைத்தது. சுப்ரீம் கோர்ட்டு முன்னாள் ஜட்ஜ் ஜே.எல்.கபூர் அதை நடத்தி 1969-ல் அறிக்கை கொடுத்தார். சாவர்க்கர் 1966 பிப்ரவரியிலேயே காலமாகிவிட்டார்.

அந்தக் கமிஷன் பழைய பைல்களைப் பார்த்தபோது, 1948 மார்ச் 4-ந் தேதி பம்பாய் போலீசார் எழுதி வாங்கிய இரண்டு வாக்குமூலங்கள் கிடைத்தன. ஒன்று சாவர்க்கரின் மெய்க்காப்பாளருடையது. மற்றொன்று அவருடைய காரியதரிசியுடையது. ஜனவரி மாதத்தில் கோட்சேயும் ஆப்தேயும் அந்த வீட்டுக்கு வந்து சாவர்க்கரைச் சந்தித்ததாக அவற்றில் இருந்தது. எல்லாச் சங்கதிகளையும் சேர்த்துப் பார்த்தால் சாவர்க்கரும் அவருடைய குழுவும் செய்த சதி என்பதைத் தவிர வேறு முடிவுக்கு இடமில்லை என்று கபூர் எழுதினார். அது கமிஷனின் கருத்து. கோர்ட்டுத் தீர்ப்பு அல்ல. அதை எதிர்த்துச் சொல்ல சாவர்க்கர் உயிரோடு இல்லை. கோர்ட்டு அவரை விடுதலை செய்தது செய்ததுதான்.

அந்த இரண்டு பேரும் கூண்டில் ஏறியிருந்தாலும், மாடியில் என்ன பேசினார்கள் என்பதை அவர்களால் சொல்லியிருக்க முடியுமா என்பது வேறு கேள்வி. குறுக்கு விசாரணையில் அவர்கள் தாக்குப்பிடித்திருப்பார்களா என்பதும் அப்படியே. ஆனால் வாசலில் இறங்கியவர்கள் யாரைப் பார்க்கப் போனார்கள் என்ற இடைவெளியையாவது அவர்கள் நிரப்பியிருக்கலாம். அவர்கள் கூட்டாளிகள் அல்ல. மன்னிப்புப் பேரமும் அவர்களுக்கு இல்லை. செங்கோட்டையில் ஜூன் முதல் நவம்பர் வரை 149 சாட்சிகள் ஒருவர் பின் ஒருவராக வந்து போனார்கள். ஓட்டல் சிப்பந்தி வந்தார், டாக்சி டிரைவர் வந்தார், பேராசிரியர் வந்தார், நடிகை வந்தார். மார்ச் மாதமே வாக்குமூலம் கொடுத்திருந்த அந்த இருவரை மட்டும் யாரும் கூப்பிடவில்லை.